மாப்பிள்ளை வீட்டார் மட்டும்

குரு ஹுவா யுன்னுக்கு வயது நாற்பத்து நான்கு. அவருடைய சீடன் ஷென்னுக்கு ஐம்பத்தாறு. தன்னைவிடச் சின்னப் பெண்மணியைக் குருவே என்று கூப்பிடுகிறானே என்று ஊரில் சிரித்தார்கள். வயதில் மூத்தவன்தான், என்ன செய்வது? செடிகளைப் பற்றிய ஞானம் அவனுக்கு நேரம் கழித்துத்தான் வந்தது. வந்ததும் அரைகுறை.

தெற்குச் சீனத்தில் ஓர் ஆறு. அதன் குறுக்கே அணை எழும்பிக்கொண்டிருந்தது. மேலே இருந்த பள்ளத்தாக்கு, வீடுகளும் கல்லறைகளும் உட்பட, தண்ணீருக்குள் போவது என்று முடிவாயிற்று. மனிதர்களை மேட்டில் குடியேற்றினார்கள். அங்கே இருந்த செடிகொடிகளுக்கு யார் இடம் தருவார்கள்? குரு போய்க் கேட்டார். பாறையும் முள்ளுமாகக் கிடந்த ஒரு மலைச்சரிவைக் காட்டி, “இதை வைத்துக்கொள்ளுங்கள்” என்றார்கள்.

அந்தச் சரிவில் குரு முதலில் ஒரு குழி தோண்டச் சொன்னார். குழி ஏரியாயிற்று. தோண்டிய மண் குன்றாயிற்று. குன்றைச் சுற்றி வளைந்து வளைந்து ஒரு கல்பாதை. நாலடி வைத்தால் ஏரி மறையும். இன்னும் பத்தடி வைத்தால் மூங்கில்களுக்கு நடுவே எட்டிப் பார்க்கும். தாவரத் தோட்டம் அப்படித்தான் பிறந்தது.

பள்ளத்தாக்கிலிருந்து செடிகளைக் கொண்டுவருவது ஷென்னின் பொறுப்பு. அவனிடம் இருந்தது ஒரே ஒரு படகு, பத்தொன்பது நாள். நாளுக்கு ஒரு படியாகத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

அந்தப் பள்ளத்தாக்கில் மட்டுமே வளரும் மரம் ஒன்று உண்டு. அதன் காயை ஆட்டி விளக்குக்கு எண்ணெய் எடுப்பார்கள். விளக்குக்காய் மரம் என்று பெயர். கடைசி நாள் ஷென் அதில் பதினான்கு கன்றுகளைத் தோண்டி ஏற்றினான். ஒன்பது பிழைத்தன. தோட்டத்தில் எங்கே நின்றாலும் கண்ணில் படும்படி, குன்றின் தலையில் அவற்றுக்கு இடம் கொடுத்தார் குரு.

ஒன்பதாவது வருஷம் வசந்தத்தில் ஒன்பதும் சேர்ந்து பூத்தன.

ஷென்னுக்குக் கால் தரையில் பாவவில்லை. கண்ணில் பட்டவர்களையெல்லாம் குன்றுக்கு இழுத்துக்கொண்டு வந்தான். அப்படி வந்தவள்தான் மண் சுமக்கும் சின் அக்கா. அந்தப் பள்ளத்தாக்குக்காரி. கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒவ்வொரு மரமாகப் போய் அண்ணாந்து பார்த்தாள். ஒன்பதாவது மரத்தடியில் நின்று, இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள்.

“என்ன ஷென் அண்ணே, மாப்பிள்ளை வீட்டார் மட்டும் வந்து உட்கார்ந்திருக்காங்க. பொண்ணு வீட்டார் எங்கே?”

“என்ன சொல்றே?”

“எல்லாம் ஆம்பளை மரம், அண்ணே. பூவை உதறிப் பாருங்க, வெறும் தூள். காய்க்கிறது பொம்பளை மரம். அது கன்றிலேயே கோணலாத்தான் வளரும். அதையெல்லாம் பின்பக்கம் நட்டு வெச்சிருக்கீங்களா?”

ஷென் அவள் இறக்கி வைத்த கூடையைப் பார்த்தான்.

“நட்டிருக்கீங்கதானே, அண்ணே?”

அவள் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

ஷென் அதற்கு முன் இருபத்தைந்து வருஷம் காட்டு இலாகாவில் மரம் தேர்ந்தெடுக்கிறவனாக இருந்தவன். அவன் கண் நேரான மரத்துக்குப் பழகிய கண். கோணல் கன்றுகளை அவன் பார்க்காமல் இல்லை. கரையிலிருந்து யாரோ, “அதையும் எடுங்க, அதையும் எடுங்க!” என்று கத்தினது காதில் விழாமலும் இல்லை. படகில் நாலு கன்றுக்கு இடம் இருந்தது. கோணல் மரம் உத்திரத்துக்கும் ஆகாது, கட்டிலுக்கும் ஆகாது. அப்படி நினைத்துத்தான் துடுப்பை ஊன்றினான்.

இரண்டு மாதம் அவன் நீர்விளிம்பெல்லாம் அலைந்தான். மேட்டில் ஒன்று தப்பியிருக்காதா? தெரிந்த தோட்டங்களுக்கெல்லாம் கடிதம் போட்டான். எல்லாரும் மரியாதையாகத்தான் பதில் எழுதினார்கள். இல்லை என்று.

உடம்பு பாதியாகித் திரும்பி வந்தபோது, குரு ஏரிக்கரைப் பாறைகளில் பாசி பிடிப்பதற்காகக் கஞ்சித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

“குருவே, கிளையை வெட்டி ஊன்றினால்?”

“இன்னொரு மாப்பிள்ளை.”

“ஒட்டுக் கட்டினால்?”

“எதோடு?”

ஷென் தரையில் உட்கார்ந்துவிட்டான். “உலகத்திலேயே இல்லாமல் ஆக்கிவிட்டேன். என்னைத் தண்டியுங்கள்.”

“தண்டித்தால் காய்க்குமா?”

“அப்படியானால் அந்த ஒன்பதையும் வெட்டிவிடுகிறேன். தினமும் பார்க்க முடியவில்லை.”

“அவை என்ன செய்தன, பாவம்?”

குரு அடுத்த பாறைக்குப் போனார். ஷென் எழுந்து பின்னாலேயே போனான். தண்ணீர்க் குவளையை வாங்கிக்கொள்ளலாமா என்று கை நீட்டினான், பிறகு எதற்கு என்று இழுத்துக்கொண்டான்.

“நான் போகிறேன், குருவே. அடுத்த மாதம் தோட்டத்தை ஊராருக்குத் திறக்கும் நாளில் நான் இங்கே இருக்கக் கூடாது.”

“போங்கள். போவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.”

கல்பாதை குன்றின் மேல் விளக்குக்காய் மரங்களைத் தொட்டு, மறுபக்கம் இறங்கி, ஒரு சின்ன மரப்பாலம் ஏறி, ஏரிக்கரையில் தன்னோடு தானே சேர்ந்துகொள்ளும். மரங்களுக்கு அந்தப் பக்கம் உள்ள கல் அத்தனையையும் பெயர்த்துவிடச் சொன்னார் குரு. பாலத்தையும் பிரிக்கச் சொன்னார்.

ஷென் ஏன் என்று கேட்கவில்லை. அந்தக் கற்களைப் பதித்ததும் அவன்தான். எந்தக் கல்லுக்கு எந்த முனை ஆடும் என்று அவனுக்குத் தெரியும். பதினோரு நாள் ஆயிற்று. நகம் இரண்டு போயிற்று. பெயர்த்த கற்களை ஒவ்வொன்றாகச் சுமந்துபோய் ஏரியில் போட்டான். கடைசிக் கல் போட்ட அன்று மழை பெய்து, பாதை இருந்த சுவடும் கரைந்துபோனது.

குரு மேலே ஏறி வந்தார். இருவரும் ஒன்பது மரங்களின் நடுவே நின்றார்கள். பாதை அவர்கள் காலடியில் சட்டென்று நின்றிருந்தது. அதற்கப்பால் ஈர மண், சரிவு, கீழே அணைத்தண்ணீர்.

“குருவே, நம் தொழிலில் பாதை முட்டி நிற்கக் கூடாதே. போன வழியே திரும்ப வைத்தால் அது தோட்டமில்லை, மாட்டுக்கொட்டில் என்று நீங்களே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறீர்கள்?”

“சொல்லியிருக்கிறேன்.”

“பார்க்கிறவர்கள் பிழை என்பார்கள்.”

“பிழைதானே.”

ஷென் மரத்தின் மேல் கைவைத்தான். மிச்சம் மீதி இருந்த பூவும் மழையில் உதிர்ந்து, அடிமரத்தில் மஞ்சள் தூள் சேறாக ஒட்டியிருந்தது. கையில் ஒட்டியதை வேட்டைக்காரன் ரத்தத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். துடைக்கவும் மனம் வரவில்லை.

“வேலை முடிந்தது, குருவே. நாளைக் காலை கிளம்பட்டுமா?”

“திறப்பு நாளில் பள்ளத்தாக்குக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். இந்த மரத்தைப் பார்க்கத்தான் வருவார்கள். இங்கே வந்து முட்டி நின்று, ஏன் வழியில்லை என்று கேட்பார்கள்.”

“ஒரு பலகை எழுதி வைத்துவிட்டே போகிறேன். என் பெயரைப் போட்டு எழுதுகிறேன். பெண் கன்றுகளைப் பார்த்தும் விட்டுவிட்டு வந்தவன் நான்தான் என்று, ஒரு சொல்லும் ஒளிக்காமல் எழுதுகிறேன். அது போதாதா?”

குரு கீழே தண்ணீரைக் காட்டினார்.

“எழுதலாம், ஷென். நன்றாகத்தான் எழுதுவீர்கள். ஆனால் வீடு போய், கல்லறை போய், இப்போது இதுவும் போனவர்கள் அவர்கள். பலகையின் சட்டையையா பிடிப்பார்கள்?”