உடும்பின் ஓலையில் ஒன்பது கோடுகள்

தாழைக்குளத்துக் கோரைப்புதரில் குமுதி என்ற கானாங்கோழி ஆறு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. பொரிக்க இன்னும் நான்கு நாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஓர் உடும்பு வந்து நின்றது.

வாயில் கவ்வியிருந்த பனையோலை நறுக்கை அது மரியாதையாகக் கீழே வைத்தது. "வழித்தங்கல் விருந்தாளி, தங்கச்சி. பேர் வல்லாளன். ரெண்டு நாள் இடம் வேணும்."

அந்தக் காட்டில் கோடை வந்தால் குளங்கள் ஒவ்வொன்றாக வற்றும். தண்ணீர் தேடிப் போகிற பிராணிகள் வழியில் எங்கே தங்கும்? அதற்காக ஏற்பட்டதுதான் வழித்தங்கல். அதில் சேர்ந்தவர் யார் வந்து கேட்டாலும் இரண்டு நாள் இடம் தரவேண்டும். கூலி கிடையாது. இன்று இடம் கொடுத்தவருக்கு நாளை வேறொருவர் கொடுப்பார். தங்கிய வீட்டில் வேட்டையாடக் கூடாது. ஒரு சாரைப்பாம்பு தவளை வீட்டில் இரண்டு நாள் தங்கி, வெறும் பாசியைத் தின்றுவிட்டுப் போனதுண்டு. தவளைதான் இரண்டு நாளும் தூங்கவில்லை.

விடைபெறும்போது வீட்டுக்காரர் விருந்தாளியின் ஓலையில் ஒரு கோடு கிழிப்பார். விருந்தாளி வீட்டுக்காரரின் வாசல் மரத்தில் ஒரு கோடு கிழிப்பார். நல்லதென்றால் நேர்க்கோடு, மோசமென்றால் குறுக்குக்கோடு. குறுக்குக்கோடு விழுந்தால் செய்தி காடெல்லாம் பரவிவிடும்; அவருக்கு அப்புறம் எந்தக் குளத்திலும் இடம் கிடைக்காது. 'நாம் குறுக்கே கிழித்தால் அவரும் குறுக்கே கிழித்துவிடுவாரே' என்று பயந்து, எல்லாரும் நேர்க்கோடே கிழித்தார்கள். ஏழு கோடைகளாகக் குறுக்குக்கோட்டை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஆகவே காட்டில் அத்தனை பேரும் உத்தமர்கள் என்று ஆகிவிட்டது.

வல்லாளனின் ஓலையில் ஒன்பது கோடுகள் இருந்தன. ஒன்பதும் நேர்க்கோடு.

குமுதியின் கணவன் சேந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. "ஒன்பது நேர்க்கோடு! இவ்வளவு பெரிய மனுஷன் நம்ம வீட்டுக்கு வந்ததே இல்லை, குமுதி."

"உடும்புன்னா... முட்டை..." என்று இழுத்தது குமுதி.

"முட்டையை விட்டு மூணு வருஷம் ஆச்சு, தங்கச்சி. வயித்துக்கு ஒத்துக்கல" என்றது உடும்பு. அதன் பிளவு நாக்கு வெளியே வந்து, கூடு இருந்த பக்கத்துக் காற்றை ஒரு முறை தடவிவிட்டு உள்ளே போனது. பிறகு அது வெயிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

குமுதி ஓலையை இன்னொரு முறை பார்த்தது. அலகால் கிழித்தது எது, நகத்தால் கிழித்தது எது, யாருடைய அலகு, யாருடைய நகம் என்பதெல்லாம் கோட்டைப் பார்த்தாலே அதற்குத் தெரியும். காடை. கௌதாரி. ஆள்காட்டி. மயில். வானம்பாடி. ஒன்பது வீடுகளிலும் தரையில் கூடு. ஒன்பது வீடுகளிலும் முட்டை. வழியில் முயல் வளை இருக்கிறது, முள்ளம்பன்றியின் குகை இருக்கிறது. அங்கெல்லாம் இந்த உத்தமர் ஒரு நாள்கூடத் தங்கவில்லை.

குமுதி சேந்தனின் காதில் இதைச் சொன்னது.

"தரையில போறவர் தரை வீட்டுலதான் தங்குவார். மரத்துல ஏறியா படுப்பார்?" என்றது சேந்தன்.

"உடும்பு மரம் ஏறுங்க."

"ஏறட்டும். நீ சந்தேகப்பட்டு மூஞ்சியைக் காட்டினா, போறப்போ குறுக்கே கிழிச்சுட்டுப் போயிடும். நம்ம குளம் இன்னும் பத்து நாள்ல வத்திடும். அப்புறம் குஞ்சுகளை இழுத்துக்கிட்டு யார் வீட்டு வாசல்ல போய் நிக்கிறது?"

அதுவும் உண்மைதான். குமுதி சற்று யோசித்தது.

"நீங்க முட்டை மேல உட்காருங்க. என்ன ஆனாலும் எந்திரிக்காதீங்க. நான் காடை வீடு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

காடை மருதாயி கரைக்கு அந்தப் பக்கம் குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தது.

"அக்கா, வல்லாளன்னு ஒரு உடும்பு உங்க வீட்டுல தங்கிச்சா?"

"தங்கிச்சும்மா. நல்ல விருந்தாளி. சத்தமே கிடையாது."

"முட்டையெல்லாம் பத்திரமா இருந்துச்சா?"

"இந்த வருஷம் வெயில் அதிகம், பார்த்தியா."

"அக்கா, நான் முட்டையைக் கேட்டேன்."

காடை மண்ணைக் கிளறியது. அதில் புழு ஒன்றும் இல்லை. "எட்டு இட்டேன். ஆறு பொரிச்சுது. மிச்சம் ரெண்டும் கூமுட்டையா இருந்திருக்கும்."

"கூமுட்டைன்னா கூட்டுலயே கிடக்குமே. எங்கே?"

காடை தலை நிமிரவில்லை. "என் வாசல்ல நேர்க்கோடு போட்டுட்டுப் போயிருக்கு, குமுதி. ஆறு பிள்ளைகளை வச்சுக்கிட்டு நான் என்னத்தைச் சொல்ல?"

குமுதி அதற்குமேல் நிற்கவில்லை. கானாங்கோழி பறப்பதைவிட நன்றாக ஓடும். கரையேறி இறங்கியபோது குளத்து நடுவில், முழங்கால் ஆழச் சேற்றில் சேந்தனைக் கண்டது. அதன் வாய் நிறைய நத்தை.

"விருந்தாளி நத்தை கேட்டார்" என்று வாய் கொழகொழக்கச் சொன்னது சேந்தன். "முதல் சாப்பாடு அவங்க கேட்டதைத்தானே கொடுக்கணும். கூட்டைத் தானே பார்த்துக்கறேன்னு..."

குமுதி கோரையைப் பிளந்துகொண்டு ஓடியது.

உடும்பின் முன்னங்கால் கூட்டின் மேல் இருந்தது. குமுதியைக் கண்டு அது திடுக்கிடவில்லை. காலை எடுக்கவும் இல்லை.

"வா, தங்கச்சி. ஒண்ணே ஒண்ணுதான் எடுத்துக்கறேன். ஆறுல ஒண்ணு. என் ஓலையில நீ நேர்க்கோடு கிழி, உன் வாசல்ல நான் நேர்க்கோடு கிழிக்கிறேன். ஒன்பது வீட்டுலயும் இப்படித்தான் நடந்தது. யாரும் மனஸ்தாபப்படலை."

"மாட்டேன்னா?"

"குறுக்குக்கோடு. குளம் வத்தினதும் பிள்ளைகளோட வெயில்ல நில்லு."

ஐந்து குஞ்சும் அவை ஒதுங்க ஒரு வீடும். அல்லது ஆறு குஞ்சும் நடு வெயிலும். குமுதி கணக்குப் போட்டுப் பார்த்தது. ஐந்து என்பது சரியாகவே பட்டது. அப்போதுதான் அதற்குக் காடையின் குனிந்த தலை ஞாபகம் வந்தது. நாளை இந்த ஓலையில் பத்தாவது கோடு தன்னுடையது. அதைப் பார்த்து, பதினோராவது வீட்டில் ஒரு தாய் நம்பிக் கதவு திறப்பாள்.

கானாங்கோழிக்கு உடம்பு சிறிது, குரல் பெரிது. குமுதி அலகைத் திறந்து குளம் அதிரக் கத்தியது.

"வல்லாளன் என் முட்டையைத் தின்ன வந்திருக்கு! வேற யார் வீட்டுல தின்னுச்சு? சொல்லுங்க!"

குளக்கரை அமைதியானது. பக்கத்துப் புதரில் கௌதாரி இருந்தது. அந்தக் கேள்வி தனக்கல்ல என்பதுபோல் அது இரை பொறுக்கியது.

"பார்த்தியா?" என்றது உடும்பு. "யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க." அது குனிந்தது. முட்டை ஓடு நொறுங்கும் சத்தம் கேட்டது.

குமுதி மறுபடி கத்தியது. இந்த முறை அதில் சொல் இல்லை.

கரையின் அந்தப் பக்கத்திலிருந்து நடுங்குகிற குரல் ஒன்று வந்தது. "என் வீட்டுல ரெண்டு."

காடைதான். அது முடிப்பதற்குள் புதருக்குள்ளிருந்து கௌதாரி சொன்னது: "எங்க வீட்டுல மூணு." வயல் பக்கமிருந்து ஆள்காட்டி, "எனக்கு ஒண்ணுதான் மிச்சம் வச்சுது" என்று அலறிக்கொண்டே வந்தது. வந்த வேகத்தில் உடும்பின் கண்ணுக்குக் குறிவைத்தது. மற்றவையும் பாய்ந்தன. தனித்தனியாக நின்றபோது பயந்த பறவைகள், சேர்ந்து வந்தபோது உடும்பின் முகத்தில் இடம் போதாமல் கொத்தின.

உடும்பு ஓலையைப் போட்டுவிட்டு ஓடியது. "ஒவ்வொருத்தர் வாசல்லயும் குறுக்கே கிழிக்கிறேன், பாருங்க" என்று கரை மேலிருந்து மிரட்டியது.

"கிழிச்சுக்கோ. எல்லார் வாசல்லயும் கிழி" என்றது காடை. "அப்புறம் யாரு யாருக்கு இடம் இல்லைன்னு சொல்லப் போறாங்க?"

சேந்தன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. "நத்தை ரெடி. விருந்தாளி எங்கே?" என்றது. அது கூட்டை எட்டிப் பார்த்தது. வாயிலிருந்த நத்தைகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன.

ஐந்து முட்டைகள் பொரித்தன. பத்தாம் நாள் குளம் வற்றியது. குமுதியும் சேந்தனும் ஐந்து குஞ்சுகளோடு நடந்து, வழியில் ஒரு முயல் வீட்டில் இரண்டு நாள் தங்கின. புறப்படும்போது குமுதி முயலின் வாசலில் ஒரு நேர்க்கோடும், அதற்குக் கீழே சின்னதாக ஒரு குறுக்குக்கோடும் கிழித்தது.

முயலுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏம்மா, என்ன குறை வச்சேன்?"

"மனசுல ஒரு குறையும் இல்லை, அண்ணே. படுக்கையில கட்டெறும்பு இருக்கு. அடுத்து வர்றவங்களுக்கும் சின்னப் பிள்ளைங்க இருக்கலாம்."

முயல் ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தது. மறுநாள் படுக்கையை உதறி வெயிலில் போட்டது.

முகம் கோணக் கூடாதென்று நாம் மறைக்கும் குறை, அடுத்த வீட்டு வாசலில் விருந்தாளியாகப் போய் நிற்கும்.