ஆடு ஏறின பஸ்

இந்தக் கதையில் குருவுக்குத்தான் வயசு கம்மி. சீடருக்குத் தலை பூரா நரை.

குரு பெயர் சகாயமேரி. வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்கு இரவல் கொடுக்கிறவர். சீடர் வேதாசலம், தெருக்கூத்தில் கட்டியங்காரனாக ஆடி ஊரையே சிரிக்க வைத்தவர். முழங்கால் மக்கர் பண்ணியதும், இந்த வேலையாவது கற்றுக்கொள்வோம் என்று வண்டியோடு ஒட்டிக்கொண்டார்.

அன்று புத்தக வண்டிக்குப் பக்கத்திலேயே ஒரு லாரி நின்றது. செங்கல் சூளைக்குப் போகிற குடும்பங்கள் பாய், பானை, கோழிக்கூடை எல்லாம் ஏற்றிக்கொண்டிருந்தன.

வேதாசலத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"டீச்சர், நம்ம பச்சையம்மாவும் கிளம்புறா. இப்பத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறா. சூளையில பள்ளிக்கூடம் ஏது? போன தடவை போய்ட்டு வந்தப்ப ஆனா ஆவன்னாவே மறந்துபோச்சு அவளுக்கு. இன்னைக்கு ஒரு புத்தகம் அவ கையோட போயாகணும்."

"கொடுங்க அண்ணே."

"எதைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்குறா. எப்படிக் கொடுக்கிறது?"

"உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி கொடுத்துப் பாருங்க."

அவ்வளவுதான். துண்டை இடுப்பில் கட்டினார் வேதாசலம். டிக்கெட் எடுக்காமல் பஸ் ஏறின ஆட்டின் கதை. கண்டக்டராக அதட்டினார், ஆடாகக் கத்தினார், பிரேக் போட்ட பஸ்ஸாகவே குலுங்கினார். லாரியில் ஏறின பிள்ளைகள்கூட இறங்கி ஓடிவந்தார்கள். கடைசியில் ஆடு டிக்கெட் கட்டைத் தின்றுவிட்டு இறங்கிப் போனது. பச்சையம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வேதாசலம் மூச்சு வாங்க அந்தக் கதை இருந்த புத்தகத்தை நீட்டினார். "இந்தா தாயி, எடுத்துக்க."

"எதுக்குத் தாத்தா? அதான் பூரா சொல்லிட்டியே."

சொல்லிவிட்டு லாரிப் பக்கம் போய்விட்டாள்.

வேதாசலம் குருவிடம் திரும்பினார். "ஒரு சொல்லு விடாம நல்லாத்தானே டீச்சர் சொன்னேன்?"

"ரொம்ப நல்லா சொன்னீங்க."

சகாயமேரி வேறொரு புத்தகத்தை உருவினார். லாரிக்கு எதிரே, வண்டிப் படியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். ஒரு பக்கம் திருப்பினார். களுக்கென்று சிரித்தார். இன்னொரு பக்கம். வாயைப் பொத்திக்கொண்டார்.

பச்சையம்மா மெல்ல வந்து நின்றாள்.

"என்னா டீச்சர் சிரிக்கிற?"

"ஒண்ணுமில்ல. நீ போ, லாரி கிளம்பிடும்."

"சொல்லு டீச்சர்."

"திருடன் ஒருத்தன் அடுப்புமேல இருக்கிற பெரிய பானைக்குள்ள ஒளிஞ்சிருக்கான். வீட்டுக்காரம்மாவுக்கு அது தெரியாது. வெந்நீர் போடலாம்னு அடுப்பைப் பத்த வச்சிட்டா."

"ஐயையோ. அப்புறம்?"

"இரு, நான் படிக்க வேணாமா?"

லாரி உறுமியது. "ஏய் பச்சை, ஏறுடி," என்று அவள் அம்மா கத்தினாள்.

பச்சையம்மா லாரியைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள். "சீக்கிரம் படி டீச்சர்."

"எனக்கென்ன அவசரம்? நான் ஆற அமரத்தான் படிப்பேன்."

"அப்படின்னா குடு, நானே பாத்துக்கிறேன்."

வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஓடினாள். ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் கயிறு. எப்படி ஏறினாளோ, ஏறிவிட்டாள். லாரி திரும்பும்போது, மூட்டைகளுக்கு நடுவே குனிந்த தலையும் அசைகிற உதடும் தெரிந்தன.

வேதாசலத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முழங்காலை மறந்து ரெண்டு குதி குதித்தார். புழுதி அடங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றவர், தலையைச் சொறிந்துகொண்டு குருவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், நீங்க ஏற்கெனவே படிச்ச புத்தகம்தானே அது?"

"ஆமாண்ணே, எத்தனையோ தடவை."

"அப்ப எனக்கு மட்டும் சொல்லுங்க. அந்தத் திருடன் என்ன ஆனான்?"

சகாயமேரி வண்டிக் கதவைச் சாத்தினார்.

"பச்சையம்மா வந்ததும் அவகிட்ட கேளுங்கண்ணே."