கடுகாகிப் போன அத்தையும் இருபத்தொரு ஜாடிகளும்

முன்னொரு காலத்திலே, உப்பும் புளியும் மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போன காலத்திலே, ஏலமலை ராஜ்ஜியத்தில் ஒரு பெரிய வீடு இருந்தது. வீடு பெரிது, அடுக்களை ஒன்றே ஒன்று. அந்த ஒரே அடுக்களையில் மூன்று மருமகள்கள். இப்போதே சிரிப்பு வருகிறதா? கொஞ்சம் பொறுங்கள்.

மூத்தவள் கனகு. நடுவிலே பேச்சி. இளையவள் அரும்பு, அவள் வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. புருஷன்மார் மூவரும் ராஜாவின் சந்தைக்கு வண்டி கட்டிப் போயிருந்தார்கள். வீட்டில் மாமியார் உலகம்மை மட்டும் இருமிக்கொண்டே படுத்திருந்தாள். மருமகள்களை ஒருநாளும் கடிந்து பேசாத மாமியார் அவள். அப்படியும் மாமியார் உண்டா என்று கேட்காதீர்கள், அந்தக் காலத்தில் இருந்தார்கள்.

அடுக்களைச் சுவரில் மூன்று தட்டுகள். தட்டுகளில் இருபத்தொரு மண்ஜாடிகள். கடுகு, மிளகு, சீரகம், சோம்பு, மல்லி, ஓமம், பெருங்காயம் என்று எல்லாம் அதில்தான். ஜாடிகள் அத்தனையும் ஒரே அளவு, ஒரே கறுப்பு, ஒரே மாதிரி துணி கட்டிய வாய். காலையில் கனகு சமைப்பாள், மத்தியானம் பேச்சி சமைப்பாள், சாயங்காலம் அரும்பு சமைப்பாள். ஒருத்தி வைத்த இடத்தில் அடுத்தவள் வரும்போது ஒரு ஜாடி இருக்காது. வைத்தது ஒருத்தி, மாற்றியது இன்னொருத்தி, திட்டு வாங்கியது மூன்றாமவள். தினமும் இதே கதை.

ஒருநாள் காலை உலகம்மைக்கு இருமல் தாங்கவில்லை. "கொஞ்சம் மிளகுக் கஷாயம் வெச்சுத் தாங்கம்மா" என்றாள்.

கனகு போய்க் கைவிட்டாள். மிளகு இருக்க வேண்டிய ஜாடியில் வெந்தயம்.

"பேச்சி! மிளகை எங்கடி கொண்டு போய் ஒளிச்சே?"

"நான் எதுக்கு ஒளிக்கிறேன்? அது என்ன தங்கமா? புதுப்பொண்ணைக் கேளுங்க."

"என்னையா? நான் வந்து நாலு மாசம்தான் ஆகுது. இந்தச் சண்டைக்கு நாலு வருஷம் வயசாச்சுன்னு தெருவே சொல்லுது!"

"வாயைப் பாரு, ஆழாக்கு உசரத்துக்கு!"

மூன்று குரலும் கூரையைத் தொட்டன. அப்போது மேல்தட்டு மூலையில், யாரும் தொடாத ஒரு விரிசல் ஜாடிக்குள்ளிருந்து 'ஏவ்' என்று ஓர் ஏப்பம் கேட்டது.

ஜாடி வெடித்தது. உள்ளேயிருந்து ஒரு பூதம் இறங்கியது. பூசணிக்காய் வயிறு, புளியங்கொட்டைக் கண்.

"ஆகா! இன்னைக்குச் சண்டை என்ன ருசி, என்ன காரம்!" என்று உதட்டை நக்கிக்கொண்டது. "நான் சண்டை தின்னும் பூதம். நாலு வருஷமா மூணு வேளையும் நீங்க போட்ட சாப்பாட்டில் ஜாடி கொள்ளாமல் வளர்ந்துட்டேன்."

சத்தம் கேட்டு உலகம்மை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "யாருப்பா நீ? என் மருமகளுங்ககிட்ட என்ன வம்பு?"

பூதம் 'பூ' என்று ஊதியது. அவ்வளவுதான். உலகம்மையைக் காணோம். அவள் நின்ற இடத்தில் ஒரே ஒரு கடுகு உருண்டது. பூதம் அதை எடுத்துக் கடுகு ஜாடியில் போட்டு, ஒரு குலுக்குக் குலுக்கியது.

"அத்தை!" என்று மூவரும் அலறினார்கள்.

"விளக்கு வைக்கும் நேரத்துக்கு இந்தக் கடுகை எல்லாம் எண்ணெயில் போட்டுத் தாளிக்கப் போறேன்" என்றது பூதம். "தடுக்கணும்னா ஒரு வழி இருக்கு. ஜாடிகளை எப்படி வேணுமானாலும் அடுக்குங்க. நான் உங்க கண்ணைக் கட்டி, ஆளுக்கு ஒரு சாமான் பேர் சொல்வேன். துழாவாமல், தடுமாறாமல், முதல் கையிலேயே எடுக்கணும். மூணு பேரும் எடுத்துட்டா அத்தை உங்களுக்கு. ஒருத்தி தவறினாலும் அத்தை எனக்கு." இதைச் சொல்லிவிட்டு அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. அடுக்குகிறேன் பேர்வழி என்று பொழுதுக்கும் அடித்துக்கொள்வார்கள், அடுப்பு மூட்டும் முன்னே வயிறார ஒரு விருந்து சாப்பிட்டுவிடலாம் என்பது அதன் கணக்கு.

கணக்கு பலிக்கத்தான் செய்தது. கனகு தன் வழியில் அடுக்கினாள். கண்ணைக் கட்டிப் பார்த்தார்கள், அரும்பு தவறினாள். சண்டை. பூதம் ஒரு சாண் வளர்ந்தது. பேச்சி தன் வழியில் அடுக்கினாள். கனகு தவறினாள். சண்டை. பூதம் இரண்டு சாண் வளர்ந்தது. அரும்பு அடுக்கினாள். பேச்சி தவறினாள். சண்டை. பூதத்தின் தலை கூரையில் இடித்தது. வைத்தது ஒருத்தி, மாற்றியது இன்னொருத்தி, திட்டு வாங்கியது மூன்றாமவள்.

வெயில் வாசற்படியை விட்டு இறங்கிவிட்டது.

அரும்பு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேச்சி தவறியபோது ஒன்றைப் பார்த்திருந்தாள். பேச்சியின் இடது கை சரியான ஜாடிக்கு நேராகத்தான் எழுந்தது. சட்டென்று அதை இழுத்துக்கொண்டு, வலது கையை நீட்டித்தான் தவறவிட்டாள்.

நான்கு மாதமாக அந்த வீட்டில் 'யார் மாற்றினது?' என்ற கேள்விதான் அரும்பின் காதில் விழுந்திருக்கிறது. அவள் வேறொன்று கேட்டாள். "பேச்சியக்கா, ஏன் மாத்துறீங்க?"

பேச்சி தன் இடது கையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு இடக்கைதான்டி வாகு. மாமியார் வீட்டில் இடக்கையை நீட்டிடாதேன்னு அம்மா சொல்லி அனுப்பினா. நீங்க யாரும் இல்லாதப்ப இடக்கையால் சமைப்பேன். அதான் எல்லாத்தையும் இடப்பக்கம் தள்ளி வெப்பேன்."

"கிறுக்கி, நாலு வருஷமாவா?" என்றாள் கனகு. "எனக்கும் ஒண்ணு இருக்கு. ரெண்டு வருஷமா கண்ணு மங்கல். சீரகம் எது, சோம்பு எதுன்னு மோந்துதான் எடுக்கிறேன். வாசனை கலக்காமல் இருக்கத் தள்ளித் தள்ளி வெக்கிறேன். சொன்னா அடுப்படிப் பக்கம் விடமாட்டீங்களோன்னு பயம்."

"எனக்கு மேல்தட்டு எட்டாதுக்கா" என்றாள் அரும்பு. "கேட்டா சிரிப்பீங்கன்னு எல்லாத்தையும் கீழே இறக்கி வெச்சுக்குவேன்."

அடுப்படியில் 'கடமுட' என்று சத்தம். பூதத்தின் வயிறு. "என்ன அங்கே குசுகுசுன்னு? சத்தமாச் சண்டை போடுங்களேன்!"

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பேச்சி தன் முந்தானையால் கனகுவின் கண்ணைத் துடைத்தாள். கனகு உட்காரும் மணையைத் தூக்கி வந்து அரும்பின் காலடியில் போட்டாள். "ஏறி நில்லுடி ஆழாக்கு."

பிறகு அடுக்கினார்கள். பெருங்காயம் இடது கோடி, ஓமம் வலது கோடி. எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று கனகுவின் மூக்கே சொல்லிவிடும். தினமும் எடுக்கிற சாமான்களெல்லாம் நடுத்தட்டின் நடுவில், இரண்டு கைக்கும் பொதுவாக. சீரகம் பெருங்காயத்தின் பக்கம், சோம்பு ஓமத்தின் பக்கம், நடுவே மூன்று ஜாடி. எப்போதோ எடுக்கிறவை மட்டும் மேல்தட்டில். ஒவ்வொரு ஜாடியையும் மூன்று பேரும் தொட்டுப் பார்த்து, "இங்கேயா?" "இங்கேதான்" என்று சொல்லிச் சொல்லி வைத்தார்கள். பூதத்தின் தலை கூரையை விட்டு இறங்கியது.

விளக்கு வைக்கும் நேரம் வந்தது. வாணலியில் எண்ணெய் காய்ந்தது. மூவர் கண்ணையும் பூதம் கட்டியது.

"மூத்தவளே, சோம்பு!"

கனகு ஒரு மூச்சு இழுத்தாள். ஓமத்தை நோக்கித் திரும்பினாள், கை நீட்டினாள். சோம்பு.

"நடுவுள்ளவளே, மிளகு!"

பேச்சி இடது கையைக் கூசாமல் நீட்டினாள். மிளகு.

பூதம் இப்போது ஒரு நாய்க்குட்டி அளவுதான் இருந்தது. பசி காதை அடைத்தது. "இளையவளே, கடுகு!" என்று கத்திக்கொண்டே, அவள் கை போவதற்குள் கடுகு ஜாடியைத் தூக்கிவிட்டு அங்கே வேறொரு ஜாடியை வைத்தது.

மணைமேல் நின்ற அரும்பு எடுத்தாள். குலுக்கினாள். கடுகு 'சரசர' என்னும். இது 'கலகல' என்றது. மல்லி.

"அடடா, தவறிட்டியே!" என்று பூதம் துள்ளியது. "சத்தியமா அங்கேதானே வெச்சீங்க? யார் மாத்தினது? பேச்சியா? கனகுவா? கேளு, கேளு, நல்லாக் கத்திக் கேளு!" கேட்டுவிட்டு வாயை ஆவென்று திறந்து காத்திருந்தது.

நேற்று வரை இந்த இடத்தில் என்ன கேட்டிருப்பாள் என்று உங்களுக்கே தெரியும்.

"எங்க அக்காமார் மாத்தலை" என்றாள் அரும்பு. "மாத்தினது நீ."

திறந்த வாய் திறந்தபடியே நின்றது. உள்ளே போக ஒன்றும் இல்லை. பூதம் பூனையானது, எலியானது, கடைசியில் ஒரு விரல் நீளப் பல்லியாகிச் சுவரில் ஒட்டிக்கொண்டது. அதன் கையிலிருந்த கடுகு ஜாடி தரையில் விழுந்து உடைந்தது. சிதறிய கடுகிலிருந்து ஒரே ஒரு கடுகு உருண்டு, நிமிர்ந்து, புடவையை உதறி இருமிக்கொண்டு உலகம்மையாக நின்றது.

"அத்தை!" என்று மூவரும் கட்டிக்கொண்டார்கள்.

"விடுங்கடி, மூச்சு முட்டுது. உள்ளே ஒரே நெருக்கடி" என்றாள் உலகம்மை. மறுபடியும் இருமினாள். "காலையில் ஒரு கஷாயம் கேட்டேனே?"

மூன்று பேரும் கண்கட்டைக்கூட அவிழ்க்கவில்லை. மூன்று கையும் ஒரே ஜாடிக்குப் போய் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.

கஷாயம் கொதித்தது. சுவரிலிருந்த பல்லி பசியோடு பார்த்தது. உலகம்மைக்கு மனசு கேட்கவில்லை. ரசம் ஊற்றிப் பிசைந்த சோறு ஒரு பருக்கை அதற்கும் வைத்தாள். பிறந்ததிலிருந்து சண்டையைத் தவிர வேறெதுவும் தின்றிராத அந்தப் பல்லி அதை நக்கிப் பார்த்துவிட்டு, 'இச் இச்' என்று சொக்கிப் போனது.

அப்புறம் அது அந்த வீட்டை விட்டுப் போகவே இல்லையாம். யாராவது மறதியாக ஒரு ஜாடியை இடம் மாற்றி வைத்தால் சுவரிலிருந்து 'இச்' என்னுமாம். மிளகு இன்னும் நடுத்தட்டில் இருக்கிறது, மணை அதன் கீழே கிடக்கிறது. கதை கேட்ட நீங்கள் கை கழுவிவிட்டு வாருங்கள், ரசம் ஆறுகிறது.