மாடு நுழையாத மாளிகை

வேதாரண்யம் பக்கத்துக் கடலோர ஊர் ஒன்றில் அம்பலவாணர் என்றொரு பெரிய மனிதர் இருந்தார். குளிர்தேசம் ஒன்றுக்குப் போய்வந்தவர், அங்கே பார்த்த மாதிரியே வீடு கட்டினார். நாலு பக்கமும் கண்ணாடி. உப்புக்காற்று வருமென்று ஒரு ஜன்னல்கூட வைக்கவில்லை.

சித்திரைப் புழுக்கத்தில் புதுமனை புகுவிழா. முதலில் உள்ளே போகவேண்டியது பசு. பால்காரி குஞ்சம்மாள் தன் செவலையை ஓட்டி வந்தாள். அது வாசலில் மூக்கை நீட்டியது, அப்படியே பின்வாங்கியது. இழுத்தும் அசையவில்லை.

"நல்ல நேரம் போகுது! இது உள்ளே போகலேன்னா இனிமே எந்த வீட்டு விசேஷத்துக்கும் உன் மாட்டைக் கூப்பிட விடமாட்டேன்!" என்று கத்தினார் அம்பலவாணர்.

"புது இடம், மிரளுதுங்க ஐயா. நீங்க உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டு உட்காருங்க. நீங்க சுகமா இருக்கிறதைக் கண்ணாடி வழியாப் பார்த்தா தானா வந்துடும்" என்றாள் குஞ்சம்மாள் பணிவாக.

அவரும் போய் உட்கார்ந்தார். ஊரே வெளியிலிருந்து பார்த்தது. முதலில் சிரித்தார். பிறகு துண்டால் விசிறினார். பிறகு சட்டையைக் கழற்றினார். கடைசியில் தொப்பலாக நனைந்து வெளியே ஓடிவந்தார்.

"ஐயாவுக்கு உள்ளே போனப்புறம்தான் தெரிஞ்சது. செவலைக்கு வாசல்லயே தெரிஞ்சிடுச்சு" என்றாள். ஊரோடு சேர்ந்து சிரித்த சிரிப்பில் நாதஸ்வரக்காரருக்கு வாசிக்க வரவில்லை.

கண்ணாடி போய், எதிரெதிராக ஜன்னல்களும் சுற்றிலும் தாழ்வாரமும் வந்தன. மறுபடியும் விழா. கடல்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது. செவலை தானாக உள்ளே போய்க் கூடத்தில் படுத்துக்கொண்டது.

"போதும், வெளியே ஓட்டு!" என்றார் அம்பலவாணர்.

"வரமாட்டேங்குதுங்க ஐயா. மறுபடியும் கண்ணாடி போட்டாத்தான் எழுந்திருக்கும்."