ஃபிளாஷ் அடிச்சதே தெரியக்கூடாது

வெள்ளைவிளை உப்பளத்தில் நல்ல வெயிலில் யாரையாவது படம் எடுத்தால் உப்பு விழும், வானம் விழும், ஆள் மட்டும் விழமாட்டார். சுற்றிலும் உப்பு அம்பாரம் கண்ணைப் பறிக்கும்; முகம் இருக்க வேண்டிய இடத்தில் கரி அப்பிய மாதிரி ஒரு வட்டம் இருக்கும்.

போன தடவை உப்பளத் தொழிலாளர் சங்கத் தேர்தலில் பேச்சித்தாயைத் தோற்கடித்தது இந்த வட்டம்தான். போஸ்டரில் இருப்பது யாரென்று அவள் புருஷனே இரண்டு பேரிடம் விசாரித்தார். பதினோரு ஓட்டில் போனது தலைவர் பதவி. அதோடு, அவள் கட்டித் தருவதாகச் சொன்ன குடிதண்ணீர்த் தொட்டியும் போனது. இன்றைக்கும் அங்கே வேலை செய்யும் பெண்கள் ஒரு குடம் தண்ணீருக்கு மூன்று மைல் நடக்கிறார்கள்.

இந்தத் தடவை முகம் தெரிந்தே ஆகவேண்டும் என்று மின்னல் ஸ்டுடியோவுக்கு வந்தாள். ஸ்டுடியோ முதலாளி மரியதாஸ் அண்ணாச்சி கெட்டிக்காரர். ஆனால் அன்றைக்கு அவர் மகளின் பிரசவத்துக்காக நாகர்கோவிலுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் தன் உதவியாளர்கள் மூவரையும் கூப்பிட்டார். சவேரிமுத்து, பிச்சைக்கனி, தங்கமாடன். மூவருக்குமே முப்பது வயது தாண்டிவிட்டது. சின்னப்பிள்ளைகள் என்று விட்டுவிடவும் வழியில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். குறை என்று சொன்னால் அது ஒன்றுதான்.

"நல்லா கேட்டுக்கோங்கல. சூரியன் அக்காவுக்குப் பின்னால இருக்கணும். வெயிலா இருந்தாலும் முகத்துக்கு ஃபிளாஷ் அடிக்கணும். ஃபிளாஷ் வெயில்ல பாதிதான் இருக்கணும். முக்கியமா, ஃபிளாஷ் அடிச்சதே யாருக்கும் தெரியக்கூடாது. அதுதான் தொழில்."

மூவரும் தலையாட்டினார்கள். அண்ணாச்சி பஸ் ஏறினார்.

உப்பளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. சூரியன் உச்சந்தலைக்கு மேல் இருந்தது.

"பின்னால இல்லையேல," என்றான் சவேரிமுத்து. அவன்தான் மூவரில் யோசிக்கிறவன்.

"சூரியனை நகட்ட முடியாது. அக்காவைத்தான் நகட்டணும்," என்றான் தங்கமாடன்.

நியாயம்தான். பிச்சைக்கனி கேமராவோடு உப்பின்மேல் மல்லாந்து படுத்தான். பேச்சித்தாயை அவனுக்கு மேலே குனியச் சொன்னார்கள். இப்போது சூரியன் அவள் முதுகுக்குப் பின்னால் மிகச் சரியாக இருந்தது.

"எலே, நான் ஓட்டு கேக்குற மாதிரியா இருக்கு? கெணத்துல விழுந்தவனைப் பாக்குற மாதிரில இருக்கு!" என்றாள் அவள்.

கொண்டையிலிருந்த பூ பிச்சைக்கனியின் வாயில் விழுந்த பிறகு, சூரியன் தானாக இறங்கும்வரை காத்திருப்பது என்று முடிவானது. சூரியன் சொன்ன பேச்சைக் கேட்டு மூன்று மணிக்குப் பின்பக்கம் வந்து நின்றது.

அடுத்து, பாதி.

"வெயில்ல பாதின்னா எப்படிக் கணக்கு எடுக்க?" என்று கேட்டான் பிச்சைக்கனி.

தங்கமாடன் ஒரு கையை வெயிலில் நீட்டினான். சுட்டது. இன்னொரு கையை ஃபிளாஷ் மேல் வைத்தான். சுடவில்லை. "பாதி இல்லடே. கால்கூட இல்ல," என்றான் கவலையோடு.

சவேரிமுத்து வெகுநேரம் உப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "அக்கா ஒரு மணி நேரம் வெயில்ல நிக்கட்டும். ஃபிளாஷ் அரை மணி நேரம் நிக்கட்டும். பாதி ஆச்சா?"

மற்ற இருவரும் அவனை ஒரு நிமிடம் மரியாதையோடு பார்த்தார்கள். எனக்கும்கூட இதைக் கேட்டபோது தப்பு எங்கே என்று உடனே பிடிபடவில்லை.

அப்படியே இரண்டையும் வெயிலில் நிற்க வைத்தார்கள். அரை மணி நேரம் ஆனதும் ஃபிளாஷுக்கு அதற்குமேல் வெயில் படக்கூடாதே. பேச்சித்தாயின் குடையை வாங்கி அதற்குப் பிடித்தார்கள். அவள் மிச்ச அரை மணி நேரத்தையும் வெறுந்தலையோடு நின்று கழித்தாள். பாவம், அந்தத் தண்ணீர்த் தொட்டிக்காக அவள் எதையும் பொறுத்துக்கொள்வாள்.

கடைசியாக அந்த முக்கியமான விஷயம்.

"ஃபிளாஷ் அடிச்சது யாருக்கும் தெரியக்கூடாதுன்னு அண்ணாச்சி சொன்னாரு," என்றான் பிச்சைக்கனி. "சாக்கு போட்டு மூடிருவமா?"

"மூடினா வெளிச்சம் வராதேல," என்றான் தங்கமாடன்.

"அப்ப சத்தமில்லாம அடிப்பமா?"

"தெரியுறது காதுக்கா, கண்ணுக்கா?" என்றான் சவேரிமுத்து. "கண்ணைத்தான் மூடணும்."

உப்பு வாரிக்கொண்டிருந்த நாற்பது பேரையும் கண்ணை மூடச் சொன்னார்கள். மூடினார்கள். பேச்சித்தாயையும் மூடச் சொன்னார்கள். "நான் எதுக்குல?" என்றாள். "யாருக்கும்னா நீங்களுந்தான்கா," என்றார்கள். பிச்சைக்கனியும் மூடிக்கொண்டு பட்டனை அமுக்கினான்.

சும்மா சொல்லக்கூடாது, படம் அபாரமாக விழுந்தது. உப்பு உப்பாக இருந்தது, வானம் நீலமாக இருந்தது, பேச்சித்தாயின் முகத்தில் மூக்குத்தியின் திருகுவரை தெரிந்தது.

"முகம் தெரியுதால?" என்று கேட்டாள் அவள். கூசும் வெயிலில் கேமராத் திரையில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"பளிச்சுன்னு தெரியுதுக்கா," என்றார்கள் மூவரும். அதில் ஒரு பொய்யும் இல்லை. கண்கள் மூடியிருந்ததையும் பார்த்தார்கள். அண்ணாச்சி சொன்னதில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி என்று சந்தோஷப்பட்டார்கள்.

அச்சகத்தில் படத்தைக் கொடுத்தபோது அச்சகக்காரர் அதை உற்றுப் பார்த்தார். "என்ன வாசகம் போடணும்?"

"வழக்கமா என்ன போடுவீயளோ அதைப் போடுங்க," என்றான் சவேரிமுத்து.

கண்ணை மூடிய படத்துக்கு வழக்கமாக என்ன போடுவார்களோ அதை அவர் போட்டார்.

மறுநாள் காலையில் ஊர்ச் சுவரெல்லாம் கறுப்புக் கட்டத்துக்குள் பேச்சித்தாய் சாந்தமாக இருந்தாள். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. உப்பளமே வேலையை நிறுத்திவிட்டு அழுதது. போன தடவை ஜெயித்து, இந்தத் தடவையும் அவளை எதிர்த்து நின்ற தலைவர் சுடலையாண்டி, தண்ணீர்த் தொட்டி கட்டாமல் விட்டது தன் தப்புதான் என்று மைக் வைத்துத் தேம்பினார். மூவரும் போஸ்டரைப் பார்த்து இடிந்துபோனார்கள். "நேத்து சாயங்காலம்கூட நல்லாத்தானடே நின்னுச்சு!" என்று ஒரு மாலையை வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினார்கள்.

பேச்சித்தாய் குடத்தை இடுப்பில் வைத்தபடி கதவைத் திறந்தாள்.

பிச்சைக்கனி எதிர்ச்சுவரிலிருந்த போஸ்டரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "நேர்ல வெளிச்சம் கொஞ்சம் கம்மியா இருக்கு. ஆனா அக்காதான்," என்றான்.

குடம் அவன் தலையில் கவிழ்ந்தது. மூன்று மைல் நடந்து கொண்டுவந்த தண்ணீர். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அதன்பிறகு மூன்று நாள் அவள் வீடு வீடாகப் போய், தான் உயிரோடு இருப்பதைச் சொன்னாள். உப்பளத்தார் ஒத்துக்கொண்டார்கள். "ஆனா அவ்வளவு அழுதுட்டோமே தாயி. அழுதுட்டு ஓட்டுப் போடாம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார்கள். போட்டார்கள். சுடலையாண்டியும் குற்ற உணர்ச்சியில் அவளுக்கே போட்டார். பேச்சித்தாய் நூற்று நாற்பது ஓட்டில் ஜெயித்தாள்.

பதவியேற்பு நாளில் மரியதாஸ் அண்ணாச்சி ஊர் திரும்பினார். சுவரில் மிச்சமிருந்த போஸ்டரின் முன் நின்றவர் கறுப்புக் கட்டத்தைப் பார்க்கவில்லை, அஞ்சலியைப் பார்க்கவில்லை. முகத்தில் விழுந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தொழில் தெரிந்தவர் அல்லவா.

"எலே, ஃபிளாஷ் அடிச்சதே தெரியலையேல!" என்றார் தழுதழுத்து.

"உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி? நீங்கதான் ஊர்லயே இல்லையே," என்றான் தங்கமாடன்.

புதுத் தொட்டிக்கு அடிக்கல் நாட்டும் இடத்தில் தலைவரைப் படமெடுக்க அவரே கேமராவைத் தூக்கினார். ஃபிளாஷைக் கண்டதும் உப்பளத்தார் அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். பேச்சித்தாயும் மூடினாள்.

"தாயி, கண்ணைத் திற!" என்று கத்தினார் அண்ணாச்சி.

"மாட்டேன். நான் ஜெயிச்ச மூஞ்சி இதுதான், அண்ணாச்சி. அடிங்க."

அவர் கேமராவை இறக்கினார். சவேரிமுத்து கூட்டத்தை ஒரு சுற்று சுற்றி வந்து, ஒவ்வொரு கண்ணாகச் சரிபார்த்தான். பிறகு அவர் காதருகே குனிந்து, மரியாதையாகச் சொன்னான்:

"எல்லாரும் மூடியாச்சு, அண்ணாச்சி. உங்க கண்ணு ரெண்டுதான் பாக்கி."