சொள்ளமுத்து அண்ணாச்சிக்கு மூன்று பேர் மாத்திரை கொடுத்தது

தலைகீழான்குளத்தில் பந்தல் போடுகிற கோஷ்டி ஒன்று உண்டு. மொத்தம் நாலு பேர். புத்தி சொள்ளமுத்து அண்ணாச்சியிடம் இருந்தது. பேச்சிமுத்து, ஆத்தியப்பன், இசக்கி மூவரிடமும் கயிறு இருந்தது. அவர் திட்டத் திட்ட, இவர்கள் கட்டக் கட்ட, பந்தல் எப்படியோ நேராக நிற்கும்.

அந்த ஆனியில் அண்ணாச்சி திட்டுவதை விட்டுவிட்டார். தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, கூப்பிட்டால் சுவரைப் பார்த்தார். இசக்கி வேண்டுமென்றே முளைக்குச்சியைத் தலைகீழாக அடித்துப் பார்த்தான். "இருக்கட்டும்ல" என்றார். மூவரும் அழுதுவிட்டார்கள். அன்றைக்கே டவுனுக்குக் கூட்டிப் போனார்கள்.

டாக்டரம்மா அண்ணாச்சியிடம் வெகுநேரம் பேசினார். "இது மனச்சோர்வு. குணமாகும்" என்று மாத்திரை எழுதினார். பிறகு மூவரையும் உள்ளே கூப்பிட்டார்.

"தினமும் காலைல, சாப்பாட்டுக்குப் பின்னால ஒண்ணு போடணும். பலன் தெரிய நாலு வாரம் ஆகும். முதல்ல குமட்டல் வரலாம், பயப்படாதீங்க. படபடப்பு கூடினாலோ, சாகணும்னு நினைப்பு வந்தாலோ உடனே கூட்டிட்டு வாங்க. தனியா விடாதீங்க. வலி மாத்திரை, நாட்டு மருந்து, சாராயம் எதுவும் இதோட சேரக்கூடாது. முக்கியமா, திடீர்னு நிறுத்தக்கூடாது. நான் சொல்றப்ப, கொஞ்சம் கொஞ்சமாத்தான் நிறுத்தணும்."

பஸ்ஸில் மூவரும் அதை மனப்பாடம் செய்துகொண்டே வந்தார்கள்.

மறுநாள் காலை இட்லித் தட்டுக்குப் பின்னால் ஆத்தியப்பன் மாத்திரையைப் போட்டான்.

"பின்னாலன்னா எம்புட்டுத் தூரம்ல?" என்றான் இசக்கி.

"டாக்டரம்மா சொல்லல. ஒரு முழம் வச்சுக்க."

அண்ணாச்சி எட்டி எடுத்து, ஊதி, விழுங்கினார். ஒரு வார்த்தை திட்டவில்லை.

தனியாக விடக்கூடாதே, குளிக்கும்போது வாளியைச் சுற்றி மூவரும் நின்றார்கள். அண்ணாச்சி குளித்தார், நாலு பேரும் நனைந்தார்கள். மணிக்கொரு தரம் இசக்கி கேட்பான்: "அண்ணாச்சி, சாகணும்னு இருக்கா?"

"இல்லல."

"வந்தா எங்கிட்டதான் முதல்ல சொல்லணும். ஆத்தியப்பன்கிட்ட சொல்லிராதிய."

மூன்றாம் நாள்தான் பெரிய ஆபத்து தெரிந்தது. பேச்சிமுத்துவுக்கு முட்டுவலி. சட்டைப் பையில் வலி மாத்திரை!

"ஏல, அது இதோட சேரக்கூடாதுல்லா?"

"அண்ணாச்சிக்கா குடுத்தேன்? பைலதான கிடக்கு."

"நீ எங்களோட சேந்திருக்க. நாங்க அண்ணாச்சியோட சேந்திருக்கோம். அண்ணாச்சிக்குள்ள அந்த மாத்திரை இருக்கு."

உடனே பேச்சிமுத்து குளத்தின் அக்கரைக்கு அனுப்பப்பட்டான். வலி மாத்திரை தீர்கிற வரை அங்கிருந்தே கூவி நலம் விசாரித்தான்.

இருபத்தேழாம் நாள் ஒரு கல்யாணப் பந்தல். அண்ணாச்சியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு முதல் கம்பை நிறுத்தத் தூக்கினார்கள். பாதி எழும்போது ஆத்தியப்பன் அலறினான்.

"திடீர்னு நிறுத்தாதிய! கொஞ்சம் கொஞ்சமாத்தான் நிறுத்தணும்!"

"டாக்டரம்மா சொல்லாம நிறுத்தவே கூடாதோ?" என்றான் இசக்கி.

"தூக்கிட்டமே. இனி விரக்கடை விரக்கடையா போவோம்."

மணிக்கு ஒரு விரற்கடை என்று முடிவாயிற்று. மேளக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை காரும் வந்தது. சாய்ந்த கம்பைக் கட்டிப்பிடித்தபடி மூவரும் வியர்த்து நின்றார்கள்.

நாற்காலி பின்னுக்குச் சரிந்தது. அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

"கூமுட்டைகளா! மாத்திரையைல்லா நிறுத்தக்கூடாதுன்னாவ! கம்பை யாருல சொன்னா? உங்களையெல்லாம் பெத்ததுக்கு ஆளுக்கொரு முளைக்குச்சியப் பெத்திருக்கலாம்!"

மூவரும் கம்பை விட்டுவிட்டு ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். "குணமாயிட்டு! அண்ணாச்சிக்குக் குணமாயிட்டு!" கம்பு மாப்பிள்ளை கார்மேல் விழுந்தது. அதற்குத் தனியாகத் திட்டு விழுந்தது. ஆனந்தத்தில் இசக்கி இன்னொரு கம்பையும் தள்ளிவிட்டான்.

டாக்டரம்மாவுக்கும் சந்தோஷம். "நல்லாயிட்டுதுன்னு விட்டுடக்கூடாது. இன்னும் ஆறு மாசம் தொடரணும்" என்றார்.

அன்றிலிருந்து தொடர்ந்தார்கள். அண்ணாச்சி டீக்கடைக்குப் போனால் பின்னால் வரிசையாக மூன்று பேர். முடிவெட்டப் போனாலும் நாற்காலிக்குப் பின்னால் மூன்று பேர். ஐந்தாம் நாள் அவர் பொறுக்கமாட்டாமல் குளத்தைச் சுற்றி ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார். ஆத்தியப்பனும் இசக்கியும் விடாமல் ஓடினார்கள். முட்டுவலிக்காரப் பேச்சிமுத்து பின்தங்கினான். ஒரு சுற்று முடிந்ததும் அவன் முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பினான். அண்ணாச்சி!

"ஏல, அண்ணாச்சி என்னையத் தொடருதாவ!"

எல்லோரும் நின்றார்கள். இசக்கி தாடையைத் தடவினான்.

"பின்னால வாரவன் தொடருதவன். அப்ப நோயாளி யாரு?"

"முன்னால போறவன்" என்றான் ஆத்தியப்பன், கலங்கிப்போய்.

அடுத்த பஸ்ஸிலேயே பேச்சிமுத்துவைக் கொண்டுபோய் டாக்டரம்மா முன்னால் உட்காரவைத்தார்கள்.

"உங்களுக்கு என்னப்பா செய்யுது?"

பேச்சிமுத்து எழுந்து கைகட்டி நின்றான்.

"முன்னால போறேம்மா."