யாரும் வராதீங்கன்னு சொல்லப் போன மூணு மாமன்மார்

கத்தாழைமேட்டுல தவசி, மாயழகு, சோணைன்னு அண்ணன் தம்பி மூணு பேர். ஆண்டவன் மூளையைப் பங்கு வெச்ச அன்னிக்கு மூணு பேரும் சந்தைக்குப் போயிட்டாங்கன்னு ஊர்ல ஒரு பேச்சு. அது சும்மா. அன்னிக்கு அவங்க வரிசையிலதான் நின்னாங்க. பின்னாடி நின்னவங்க அவசரம்னு சொன்னதும் வழி விட்டுட்டு வந்துட்டாங்க. அவ்வளவு நல்லவங்க.

இந்த நல்லவங்ககிட்டதான் அவங்க அக்கா பாக்கியம் தன் மகளை விட வேண்டியதாப் போச்சு. மக தன்ஷிகாவுக்கு ஆறு வயசு. உடம்பெல்லாம் சின்னம்மை. வீட்ல இன்னும் தலை நிக்காத கைக்குழந்தை வேற. வீட்டுக்காரர் துபாய்ல. "பச்சப்புள்ளைக்கு ஒட்டிறக் கூடாது, பெரியவளைக் கொஞ்ச நாள் தள்ளி வைங்க"ன்னு நர்ஸம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க. அக்கா வீடு கீழத்தெருவுல, தம்பிங்க வீடு மேலத்தெருவுல. வேற சொந்தம் கிடையாது. இருந்திருந்தா நமக்கு இந்தக் கதையும் கிடையாது.

"உங்களுக்கெல்லாம் முன்னாடியே அம்மை வந்துருக்காடா?"ன்னு கேட்டா அக்கா.

"வந்துருக்குக்கா"ன்னான் தவசி. "ஒரு கோடையில மூணு பேருக்கும் ஒண்ணாவே வந்துச்சு. பவுடர் போட்டோம், போயிருச்சு."

அது வேர்க்குரு. அக்கா அழுதுக்கிட்டு இருந்ததால பவுடரைப் பத்தி யோசிக்கல.

கிளம்பும்போது அவ சொன்னது இவ்வளவுதான். "மூணு பேரும் கூடவே இருங்க. பாப்பாவை ஒரு நிமிஷம்கூடத் தனியா விடாதீங்க. வீட்டுக்கு யாரும் வரக் கூடாது, ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிருங்க. என் கைப்புள்ளைக்கு மட்டும் வந்துறக் கூடாதுடா."

கேக்குறதுக்கு எவ்வளவு சாதாரணமா இருக்கு பாருங்க.

நர்ஸம்மாவும் தன் பங்குக்குச் சொல்லியிருந்தாங்க. நகத்தை வெட்டுங்க, சொறிய விடாதீங்க. யார் நகம்னு சொல்லல. மூணு பேரும் கலந்து பேசி, எதுக்கு வம்புன்னு வீட்ல இருந்த அத்தனை நகத்தையும் வெட்டினாங்க. பாப்பாவோடது, தங்களோடது, கோழியோடது. அன்னிலேர்ந்து அந்தக் கோழி குப்பையைக் கிளற முடியாம, குப்பைமேட்டு மேல நின்னு இவங்களையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு.

"அரிக்குது மாமா"ன்னா தன்ஷிகா.

"நீ சொறியக் கூடாது பாப்பா."

"அப்ப எப்படி மாமா அடங்கும்?"

மூணு பேரும் மூலையில போய் ஆலோசனை பண்ணாங்க. "பாப்பா உடம்பைப் பாப்பா சொறியக் கூடாது. நாமளும் சொறியக் கூடாது. ஆனா எங்கயாவது சொறிஞ்சாத்தான அரிப்பு அடங்கும்?"னான் மாயழகு. உடனே சோணை சட்டையைக் கழட்டிட்டுத் திரும்பி உக்காந்தான். "என் முதுகுல சொறி பாப்பா. உனக்கு எங்க அரிக்குதோ, எனக்கும் அங்கயே சொறி."

தன்ஷிகா சொறிஞ்சா. இடது தோள், நடு முதுகு, இடுப்பு. சிரிச்சுச் சிரிச்சு அரிப்பை மறந்தே போனா. நர்ஸம்மா படிச்ச படிப்புல இந்த வைத்தியம் இல்ல.

மறுநாள் காலையில பெரிய வேலை. ஊருக்குச் சொல்லணும்.

"நான் ஒரு நடை போய்ச் சொல்லிட்டு வந்துறேன்"னான் சோணை.

"நீ போனா மிச்சம் ரெண்டு பேர். அக்கா மூணு பேரையும்ல கூடவே இருக்கச் சொல்லிச்சு?"

"சரி, மூணு பேரும் போவோம்."

"பாப்பா தனியா இருக்குமேடா."

பழைய சோத்தைக்கூட யாரும் தொடல. திடீர்னு தவசி எழுந்து நின்னான். "பாப்பாவையும் தூக்கிட்டுப் போயிருவோம்."

"அண்ணே, நீ மட்டும் பத்தாவது பாஸ் பண்ணியிருந்தா இந்நேரம் கலெக்டர்"னான் மாயழகு. சத்தியமா மனசாரச் சொன்னான்.

வாசல்ல வேப்பிலை கட்டினாங்க. கதவுல சாக்பீஸால 'அம்மை வீடு. யாரும் உள்ளே வரக் கூடாது'ன்னு எழுதினாங்க. தவசி தோள்ல பாப்பா, பாப்பா மேல மாயழகோட தொளதொள சட்டை, முன்னாடி வேப்பங்கொத்தோட சோணை. ஊர்வலம் கிளம்பிருச்சு.

முதல்ல செல்லையா டீக்கடை.

"அண்ணே, எங்க பாப்பாவுக்கு அம்மை போட்டிருக்கு. யாரும் வீட்டுப் பக்கம் வந்துறாதீங்க."

"எந்தப் பாப்பாவுக்குடா?"

"இந்தப் பாப்பாவுக்குத்தான்"னு தூக்கி பெஞ்சுல உக்கார வெச்சான் தவசி. "கிட்ட வந்து பாருங்கண்ணே. முதுகுலதான் ஜாஸ்தி."

ஒரு வீடு விடல. ரேஷன் கடையில வரிசை நின்னதால வேலை சுளுவா முடிஞ்சுது, ஒவ்வொருத்தர்கிட்டயும் நின்னு நின்னு சொன்னாங்க. பால்வாடியில மாயழகு ரொம்பப் பொறுப்பா நடந்துக்கிட்டான். "இங்கதான் சின்னப் புள்ளைங்க நிறைய. அழுத்திச் சொல்லணும்"னு பாப்பாவை நட்ட நடுவுல உக்கார வெச்சு ரெண்டு தடவை சொன்னான்.

"வராதீங்கன்னு சொல்றதுக்கு எதுக்குய்யா புள்ளையத் தூக்கிட்டு வந்தீங்க?"ன்னு டீச்சரம்மா தலையில கைய வெச்சுட்டாங்க.

"நேர்ல வந்து சொன்னாத்தான டீச்சர் மரியாதை."

இப்படியே கீழத்தெரு முனைக்கு வந்தாச்சு. அங்கேர்ந்து பார்த்தா அக்கா வீடு தெரியும். கொடியில தம்பியோட குட்டிக் குட்டித் துணி காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. தன்ஷிகா தோள் மேலேர்ந்து அதையே பார்த்தா. அம்மாகிட்டப் போகணும்னு அவளுக்கு எவ்வளவு ஆசைன்னு சொல்லவே வேணாம். தவசி அந்தப் பக்கம் கால் எடுத்து வெச்சான். அவ அவன் முடியைப் பிடிச்சு இழுத்தா.

"அங்க வேணாம் மாமா. தம்பிக்கு ஒட்டிக்கும்."

"ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லணும் பாப்பா. உங்கம்மாவும் ஊர்லதான இருக்கு?"

தன்ஷிகா கொஞ்சம் யோசிச்சா. "சொல்லச் சொன்னதே அம்மாதான மாமா. அவங்களுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே."

மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாங்க. "என்னா மூளை"ன்னான் சோணை. "நம்ம வம்சம்ல." அப்படியே திரும்பிட்டாங்க.

வீட்டுக்கு வந்தா அடுத்த சிக்கல். கதவுல எழுதியிருக்கு, யாரும் உள்ளே வரக் கூடாதுன்னு. மூணு பேரும் வாசல்லயே நின்னுட்டாங்க. வெயில் ஏறுது.

"மாமா, அழிச்சுட்டு உள்ள போவோம்"னா தன்ஷிகா.

அழிச்சாங்க. உள்ள போனாங்க. அப்புறம் எழுத்து இல்லாத கதவைப் பார்த்தா யாராவது வந்துருவாங்களேன்னு சோணையை வெளிய அனுப்பி மறுபடி எழுதச் சொன்னாங்க. அவனும் அழகா எழுதி முடிச்சுப் படிச்சுப் பார்த்தான். அப்புறம் வெளியவே உக்காந்துட்டான். பாப்பாவுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் ஜன்னல் வழியாத்தான் அவனுக்குக் கஞ்சி போச்சு. மூணு பேரும் கூடவே இருக்கணும்கிறதுக்காக ஜன்னல் வழியா ஒரு கையை மட்டும் எப்பவும் உள்ள வெச்சிருந்தான்.

நல்லபடியா புண்ணெல்லாம் காஞ்சு உதிர்ந்து, தன்ஷிகா அம்மாகிட்டப் போய்ச் சேர்ந்தா.

அதுக்கப்புறம் கொஞ்ச நாள்ல கத்தாழைமேட்டுல ஒரு வேப்பமரத்துலயும் இலை இல்ல. எல்லாம் வீட்டு வாசலுக்குப் போயிருச்சு. பால்வாடிக்குப் பூட்டு. டீக்கடை செல்லையா மூஞ்சியெல்லாம் ரோஸ் மருந்து.

"நல்லவேளை, நாம முன்கூட்டியே சொன்னோம்"னான் தவசி. "சொல்லாம விட்டிருந்தா இன்னும் எத்தனை பேருக்கு வந்துருக்குமோ."

இதைச் சொல்லும்போது அவன் முதுகைச் சோணை சொறிஞ்சுக்கிட்டு இருந்தான். சோணை முதுகை மாயழகு. மூணு பேருக்கும் போட்டிருந்துச்சு.

ஊர்லயே வேப்பிலை கட்டாத வீடு அக்கா வீடு ஒண்ணுதான். கைக்குழந்தை மேல ஒரு கொப்புளம் இல்ல. அன்னிக்குச் சாயந்தரம் அக்கா ஜன்னல்ல எட்டிப் பார்த்தா, தெரு முனையில வேப்பங்கொத்து ஆடுது. பின்னாடியே மூணு பேர், உடம்பெல்லாம் கொப்புளம். ஓடிப் போய்க் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டா.

"கிட்ட வராதீங்கடா. எதுக்குடா வந்தீங்க?"

"பயப்படாதக்கா"ன்னான் தவசி. "எங்களுக்கு அம்மை. யாரும் எங்க வீட்டுக்கு வந்துறாதீங்கன்னு சொல்லிட்டுப் போக வந்தோம். போன தடவை உன் வீட்டை விட்டுட்டோம்ல. அதான் இந்தத் தடவை இங்கேர்ந்தே ஆரம்பிக்கிறோம்."

ஜன்னல்ல தன்ஷிகா தலை தெரிஞ்சுது.

"மாமா, இப்ப உங்க வீட்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல பாப்பா. மூணு பேரும் இங்கதான இருக்கோம்."

"நீங்க வீட்ல இல்லன்னா அங்க யாரு வந்தா என்ன? யாருக்கு ஒட்டப் போகுது?"

வீட்டுக்குப் போய்ப் படுப்பாங்கன்னுதான் பாவம் அந்தப் புள்ள கேட்டுச்சு. மூணு பேரும் அங்கயே தெருவுல உக்காந்து யோசிச்சாங்க. பாப்பா சொல்றதுல தப்பே இல்ல. அவசர அவசரமா எழுந்து மேலத்தெருவைப் பார்த்து ஓடினாங்க.

செல்லையா கடையைச் சாத்துறதுக்குள்ள உள்ள போய் பெஞ்சுல உக்காந்துட்டாங்க. தவசி மூச்சு வாங்கிக்கிட்டுச் சொன்னான்.

"அண்ணே, அன்னிக்குச் சொன்னதுல ஒரு சின்னத் திருத்தம். எங்க வீட்ல இப்ப யாரும் இல்ல. நீங்க தாராளமா வரலாம். இதையே வீடு வீடாப் போய்ச் சொல்லணும், அதுவரைக்கும் நாங்க வீட்டுக்குப் போக மாட்டோம்."